ட்ரிங்க் லெஸ் ஆப்: எண்ணினால் மட்டும் குடி குறையுமா?

படிக்கவோ வேலைக்கோ பிரிட்டன் போகும் இருபதுகளில் உள்ள பிள்ளைகள் பலர், குடியை அடியோடு விடச் சொல்லும் ஆப்பைத் தேடுவதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நண்பர்களோடு பப்புக்கும் போக வேண்டும், சனிக்கிழமை காலையில் தலைவலி இல்லாமல் எழுந்திருக்கவும் வேண்டும். 'ட்ரிங்க் லெஸ்' அவர்களுக்குப் பொருந்தும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய இலவச ஆப் இது. "நிறுத்து" என்று சொல்லாது, "எவ்வளவு?" என்று கேட்கும். தனியாகப் பயன்படுத்தினால் 5-க்கு 3 கொடுக்கலாம். விவரம் தெரிந்த ஒரு கவுன்சிலரோடு, அதாவது பேசி வழிகாட்டும் ஆலோசகரோடு, சேர்த்துப் பயன்படுத்தினால் 4 தாராளமாகக் கொடுக்கலாம். இந்த ஒரு மதிப்பெண் வித்தியாசம் ஏன் என்பதுதான் இங்கே முக்கியம்.

தொடக்கத்திலேயே 'ஆடிட்' என்ற 10 கேள்விகள் வரும். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கியவை, மொத்த மதிப்பெண் 40. 8-ஐத் தொட்டால் குடி உடம்பைக் கெடுக்கும் அளவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். 16 முதல் 19 வரை வந்தால் கவுன்சிலிங் தேவை. 20 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். கூடவே, உங்கள் வயதில் உள்ளவர்களோடு ஒப்பிட்டு நீங்கள் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்றும் காட்டும். "எல்லாரும் இவ்வளவுதானே குடிக்கிறாங்க" என்று நினைத்திருந்தவருக்கு இந்தப் பக்கம் உண்மையிலேயே உறைக்கும். மற்றவர்கள் குடிப்பதை நிஜத்தைவிட அதிகமாக மதிப்பிடுவது கல்லூரி வயதில் சர்வசாதாரணம்.

அடுத்தது டைரி. ஆப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது, பெரும்பாலானோர் தவறு செய்வதும் இங்கேதான். கணக்கு கிளாஸில் இல்லை, யூனிட்டில். பிரிட்டனில் 1 யூனிட் என்பது 8 கிராம் சுத்த ஆல்கஹால். மில்லி அளவை லேபிளில் உள்ள சதவீதத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும். 5 சதவீத பியர் ஒரு பைண்ட், அதாவது 568 மில்லி, 2.8 யூனிட். 13 சதவீத ஒயின் 175 மில்லி என்றால் 2.3. அதையே 250 மில்லி பெரிய கிளாஸில் வாங்கினால் 3.25. விஸ்கி 'சிங்கிள்' சில பப்புகளில் 25 மில்லி, சிலவற்றில் 35 மில்லி. 40 சதவீத விஸ்கியில் முன்னது 1 யூனிட், பின்னது 1.4. எந்த அளவு என்று பாரில் கேட்டுவிட்டுப் பதியுங்கள்.

ஊரிலிருந்து போனவர்களுக்கு இன்னொரு ஒப்பீடும் உதவும். நம் டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் 7.7 யூனிட். ஒரு கட்டிங் கிட்டத்தட்ட 3.9. எட்டு சதவீத ஸ்ட்ராங் பியர் 650 மில்லி பாட்டில் 5.2. பிரிட்டனில் 2016 முதல் ஆண், பெண் இருவருக்கும் சொல்லப்படும் வார வரம்பு 14 யூனிட். ஒரு குவார்ட்டரே அதில் பாதியைத் தாண்டிவிடுகிறது. "ஒரு குவார்ட்டர்தானே" என்ற பேச்சின் எடை இந்தக் கணக்கில் தெரியும்.

வீட்டில் ஊற்றும்போது கை தாராளமாகிவிடும். அளவுக் கிண்ணம் இல்லாமல் ஊற்றிய 'ஒரு பெக்' பல நேரம் இரண்டு பெக்காக இருக்கும். 30 மில்லி அளவுக் கிண்ணம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் யோசித்துப் பதிந்தால் கடைசி இரண்டு கிளாஸ் கணக்கில் வராது. கிளாஸ் கைக்கு வந்ததும், முதல் வாய் குடிப்பதற்கு முன்பே பதிந்துவிட வேண்டும்.

இலக்கு வைக்கும் பகுதியில் ஒரு பொறி இருக்கிறது. "வாரம் 14 யூனிட்" என்று ஒரே ஒரு இலக்கு வைத்துவிட்டு, ஆறு நாள் சும்மா இருந்து, சனிக்கிழமை இரவு ஐந்து பைண்ட் அடித்தாலும் இலக்கை ஏறக்குறைய எட்டியது போலத் தெரியும். ஆனால் ஒரே இரவில் ஆணுக்கு 8 யூனிட்டும் பெண்ணுக்கு 6 யூனிட்டும் தாண்டினாலே பிரிட்டன் கணக்கில் அது அளவு மீறிய குடி. இளைஞர்கள் விழுந்து எழும் விபத்துகளும் சண்டைகளும் இந்த இரவுகளில்தான். அதனால் வார இலக்கோடு குடிக்காத நாட்களின் எண்ணிக்கையையும் இலக்காக வையுங்கள். ஒரு இரவின் உச்ச வரம்பைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கல்லீரல் ஒரு யூனிட்டைக் கரைக்கச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். காபியோ குளிர்ந்த நீரோ அதை வேகப்படுத்தாது.

திட்டம் எழுதும் பகுதி நன்றாக இருக்கிறது. "குறைவாகக் குடிப்பேன்" என்று எழுதினால் பயனில்லை. "இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்" என்று எழுத வேண்டும். பிரிட்டன் பப்பில் ஒவ்வொருவரும் முறை வைத்து எல்லாருக்கும் ரவுண்ட் வாங்குவார்கள். ஐந்து பேர் போனால் ஐந்து ரவுண்ட், வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. "மூன்றாவது ரவுண்ட் வரும்போது எனக்கு அரை பைண்ட் அல்லது ஆல்கஹால் இல்லாத பியர் என்று முதல் ஆளாகச் சொல்லிவிடுவேன்" என்பது நடைமுறையில் நிற்கும் திட்டம். போவதற்கு முன் வயிறாரச் சாப்பிடுவதும் அப்படித்தான். படங்களைத் தள்ளி விளையாடும் ஒரு பயிற்சியும் வைத்திருக்கிறார்கள். நேரம் இருந்தால் செய்யலாம், அதை நம்பி ஆப்பை இறக்க வேண்டாம்.

ஆய்வு என்ன சொல்கிறது? 5602 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2024-ல் வெளியானது. பாதிப் பேருக்கு இந்த ஆப், மீதிப் பேருக்கு அரசு சுகாதாரச் சேவையின் ஆலோசனைப் பக்கம். ஆறு மாதம் கழித்து, பதில் தராதவர்கள் பழையபடியே குடிக்கிறார்கள் என்று வைத்துக் கணக்கிட்டபோது வித்தியாசம் வாரம் ஒரு யூனிட்கூட இல்லை, அதுவும் தற்செயலாக இருக்கலாம். விடுபட்டவர்களை வேறு முறையில் மதிப்பிட்டபோது 2 யூனிட் குறைந்திருந்தது. இலவச ஆப்புக்கு இது மோசமில்லை, ஆனால் அதிசயமும் இல்லை.

இளைஞர்களைப் பற்றி அதிகம் சொல்வது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் நடந்த ஒரு சோதனை. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 18 முதல் 25 வயது வரையிலான 765 பேர், 12 வாரம். வியாழக்கிழமை "இந்த வார இறுதியில் குடிக்கும் திட்டம் உண்டா?" என்று எஸ்எம்எஸ் வரும். ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு குடித்தார்கள் என்று கேள்வி வரும். சொன்ன பதிலுக்கு ஏற்ற மறுமொழி கிடைத்தவர்களிடம் அளவு மீறிய குடி குறைந்தது. கேள்வி மட்டும் வந்து மறுமொழி வராத குழுவில் குறையவே இல்லை. ட்ரிங்க் லெஸ்ஸை வெறும் கணக்குப் புத்தகமாக வைத்துக்கொள்பவர்கள் இந்த இரண்டாவது குழுவைப் போலத்தான்.

இதனால்தான் கவுன்சிலர் வேண்டும். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆலன் மார்லட் குழு மாணவர்களுக்காக உருவாக்கிய 'பேசிக்ஸ்' முறையில் இரண்டே அமர்வுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 நிமிடம், இடையில் குடி டைரி. அதே அமைப்பை இங்கேயும் வைத்துக்கொள்ளலாம். பல்கலைக்கழகக் கவுன்சிலரிடம் முதல் அமர்வுக்குப் போங்கள், இரண்டு வாரம் ஆப்பில் பதியுங்கள், பிறகு போனைத் திறந்து அவர் முன்னால் வையுங்கள்.

நல்ல கவுன்சிலர் அறிவுரையில் தொடங்க மாட்டார். "குறைக்கணும்ங்கிறது உங்களுக்கு 10-க்கு எவ்வளவு முக்கியம்?" என்பார். "4" என்றால், "ஏன் 4? ஏன் 2 இல்லை?" என்பார். அப்போது குறைக்க வேண்டிய காரணங்களை நீங்களே உங்கள் வாயால் சொல்வீர்கள். "ஏன் 8 இல்லை?" என்று கேட்பவர் உங்களைச் சாக்குச் சொல்ல வைக்கிறார். அப்படிப்பட்டவரிடமிருந்து மாறிவிடுங்கள்.

காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, ஒரு வாய் குடித்தால்தான் அடங்குகிறது என்றால் இந்த ஆப் உங்களுக்கானது இல்லை. அந்த நிலையில் திடீரென்று நிறுத்துவது வலிப்பு வரை கொண்டுபோய்விடும், உயிருக்கே ஆபத்து. மருந்தோடும் தயமின் வைட்டமினோடும் டாக்டர் பார்த்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டியது அது. அதுவரை நீங்களாக நிறுத்தாமல், உடனே குடும்ப மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள்.