கண்டீரவாவில் பதினொரு ஆட்டம்: பெங்களூரு எஃப்சி 2023-24 அணி எப்படி?

சிவாஜிநகரில் ஜெர்சிக் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட டீம், ஏரியா டீம், கம்பெனி டீம் என்று யார் வந்தாலும் தைத்து, முதுகில் பேரும் நம்பரும் ஒட்டிக் கொடுப்பது என் வேலை. எங்கள் ஊர் கால்பந்து கிளப்பான பெங்களூரு எஃப்சி (பிஎஃப்சி) ஆட்டம் இருக்கிற வாரம் நீல ஜெர்சியைக் கையில் பிடித்துக்கொண்டு பையன்கள் வருவார்கள். "அண்ணா, பின்னாடி பேர் போடணும்." ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை ஜெயித்த 2018-19 சீசனில் யார் பேர் என்று கேட்காமல் கத்தரியை எடுக்க முடியாது. ஒருத்தன் மிக்கு என்பான், ஒருத்தன் உதாந்தா என்பான், குர்பிரீத் பேருக்கும் ஆள் இருந்தது. இந்த சீசனில் செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும் நான் ஒட்டினதில் பத்துக்கு எட்டு கேப்டன் சுனில் சேத்ரி. அவருடைய 11 என்ற நம்பரை முன்கூட்டியே வெட்டி, கட்டாகக் கட்டி டிராயரில் வைத்திருந்தேன். கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை.

எங்கள் சொந்த கிரவுண்டான கண்டீரவா ஸ்டேடியத்தில் நடந்த பதினொரு ஆட்டத்துக்கும் டிக்கெட் எடுத்தேன். எனக்கு ஒன்று, அக்கா பொண்ணுக்கு ஒன்று. அவளுக்குப் பதினாலு வயசு, பள்ளிக்கூட டீமில் லெஃப்ட் பேக் ஆடுகிறாள். காசு கொடுத்து முழுசாகப் பார்த்தவன் என்ற முறையில் இந்த அணியைப் பற்றி எழுதுகிறேன்.

கணக்கு எல்லோருக்கும் தெரியும். 22 ஆட்டத்தில் 5 வெற்றி, 7 டிரா, 10 தோல்வி. 22 புள்ளியோடு 12 அணிகளில் 10-ஆவது இடம். அடித்தது 20 கோல், வாங்கினது 34. இதே கிளப்தான் அதற்கு முந்தின சீசனில் லீக்கின் கடைசி எட்டு ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்து, கோவாவில் ஃபைனல் வரைக்கும் போய், பெனால்டியில் மோகன் பகானிடம் கோப்பையை விட்டது. 2022-இல் டூரண்ட் கோப்பையும் தூக்கினது. ஒரு கோடைக்குள் இவ்வளவு சரிய ஒரே காரணம்தான் எனக்குத் தெரிகிறது. போனவர்கள் செய்த வேலை என்ன என்று பார்க்காமல் வந்தவர்களை எடுத்தார்கள்.

போனவர்களைப் பாருங்கள். ஸ்ட்ரைக்கர் ராய் கிருஷ்ணா ஒடிசாவுக்கு. சந்தேஷ் ஜிங்கனும் உதாந்தாவும் கோவாவுக்கு. பிரபீர் தாஸ் கேரளாவுக்கு. ஆலன் கோஸ்டாவும் புருனோ ரமிரெஸும் கூடக் கிளம்பினார்கள். பின்னால் மூன்று பேர், இரண்டு ஓரத்திலும் ஏறி இறங்கி ஓட ஒவ்வொருத்தர், முன்னால் இரண்டு பேர் என்று பயிற்சியாளர் சைமன் கிரேசன் கட்டி வைத்திருந்த ஆட்டம் அது. அந்த ஆட்டத்தின் தூண்கள் பாதி ஒரே கோடையில் போயின. ராய் கிருஷ்ணா ஒடிசாவில் அடித்தது 13 கோல். எங்கள் மொத்த அணியும் சேர்ந்து 20. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இன்னமும் எனக்கு வயிறு எரிகிறது.

கோல் எண்ணிக்கையைக் கூட விடுங்கள். ராய் கிருஷ்ணா டிஃபெண்டருக்குப் பின்னால் ஓடுகிற ஆள். பந்து வருகிறதோ இல்லையோ, அவர் ஓடுவார். அவர் ஓடினால் எதிரணியின் இரண்டு டிஃபெண்டர்கள் கூடவே பின்னுக்குப் போயாக வேண்டும். அப்போது நடுவில் ஒரு திறந்த இடம் விழும். அந்த இடத்தில்தான் போன சீசனில் சிவசக்தி நாராயணன் வளர்ந்தான். காரைக்குடி பக்கம் கண்டனூர்ப் பையன். 6 கோல் அடித்து, லீக்கின் வளரும் வீரர் விருதும் வாங்கினான். சேத்ரியையே பல ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவனை இறக்கினார்கள். கோவா ஃபைனலில் ஆட்டம் தொடங்கின சில நிமிஷத்திலேயே அடிபட்டு வெளியே வந்தான். அன்றைக்கு அவன் முழுசாக ஆடியிருந்தால் என்று எங்கள் தெருவில் இன்றைக்கும் பேச்சு ஓடுகிறது.

ராய் கிருஷ்ணா இடத்துக்கு வந்தவர் கர்ட்டிஸ் மெயின். இங்கிலாந்துக்காரர், ஸ்காட்லாந்தில் மதர்வெல், அபர்டீன், செயின்ட் மிரென் என்று ஆடினவர். அவரை மோசமான ஆட்டக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல உடம்பு, உயரப் பந்துக்குப் பயமில்லை, டிஃபெண்டர் முதுகில் ஏறினாலும் அசையாமல் பந்தை அடக்குவார். ஆனால் அவர் கோலுக்கு முதுகைக் காட்டி நின்று பந்து வாங்குகிற ஆள். அப்படிப்பட்டவரை எடுத்தால் அவரைத் தாண்டி ஓட இரண்டு ஓரத்திலும் கால் வேகம் உள்ளவர்கள் வேண்டும். அந்த வேகத்தில் ஒருவரான உதாந்தாவைத்தான் கோவாவுக்கு விட்டிருந்தோம். ரயான் வில்லியம்ஸ் ஒருவர் ஓடினார், மனசாரச் சொல்கிறேன், சீசன் முழுக்க ஓடினார். ஒருத்தர் ஓடி என்ன ஆகும்?

இதை எனக்கு முதலில் எடுத்துச் சொன்னது அக்கா பொண்ணுதான். மேற்கு பிளாக்கில் டிரம் சத்தத்துக்கு நடுவில் என் தோளைப் பிடித்து இழுத்துக் காதுக்குள் கத்தினாள். "மாமா, அவரு பந்தை வாங்கி வாங்கி நிக்குறாரு. யாருக்குக் குடுப்பாரு? பக்கத்துல ஒருத்தரும் ஓடல பாரு." பார்த்தேன். மெயின் வலது காலால் பந்தை மிதித்து, பின்னால் நிற்கிறவனை முழங்கையால் தள்ளிப் பிடித்து, இடமும் வலமும் தலையைத் திருப்பினார். நீலச் சட்டை ஒன்றுகூட அவருக்கு முன்னால் இல்லை. திருப்பி மிட்ஃபீல்டுக்கே கொடுத்தார். மிட்ஃபீல்டிலிருந்து டிஃபென்ஸுக்கு, டிஃபென்ஸிலிருந்து குர்பிரீத்துக்கு. கண்டீரவாவில் கிரவுண்டைச் சுற்றி ஓட்டப் பந்தய டிராக் இருக்கிறது, காலரியிலிருந்து ஆட்டம் கொஞ்சம் தூரம்தான். அவ்வளவு தூரத்திலிருந்தும் அந்த ஆளின் தோள் தொங்கினது தெரிந்தது.

சிவசக்திக்கும் இதுதான் நேர்ந்தது. முந்தின சீசனில் பார்த்த சிவசக்தியை இந்த சீசனில் நான் பார்க்கவில்லை. பையனிடம் குறை இல்லை. அவனுக்கு இடம் திறந்து கொடுக்கிற ஆளை அனுப்பிவிட்டு அவனிடம் அதே ஆட்டத்தைக் கேட்டார்கள்.

பொண்ணுக்கு அவன் மேல் தனிப் பாசம். டிசம்பர் லீவில் கடைக்கு வந்து, அவன் பேரை ஜெர்சியில் போட்டுக் கொடு என்று நின்றாள். ஆங்கிலத்தில் பத்து எழுத்து. அவள் சைஸுக்கு முதுகு அகலம் போதவில்லை. எழுத்தைக் குறுக்கி மறுபடி வெட்டி, ஊசிமுனையால் ஓரத்து வினைலை உரித்து, துணியின் மேல் ஸ்கேல் வைத்து வளைவு பிடித்தேன். ஹீட் பிரஸ்ஸை இறக்கிப் பதினைந்து எண்ணித் தூக்கினால் சூட்டு வாடை வரும். ஆறவிட்டு மேல் பிளாஸ்டிக்கை ஓரத்திலிருந்து மெதுவாக இழுக்க வேண்டும், அவசரப்பட்டால் எழுத்தும் கூடவே வந்துவிடும். பத்தும் தோளிலிருந்து தோள் வரைக்கும் அடைத்துக்கொண்டு நின்றது. "நம்பர்?" என்றேன். "11 போடு மாமா, சேத்ரி போனப்புறம் அவன்தானே போடணும்" என்றாள். டிராயரைத் திறந்து கட்டிலிருந்து ஒன்று எடுத்தேன்.

டிஃபென்ஸைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. மோகன் பகானிலிருந்து ஸ்லாவ்கோ தம்யானோவிச் வந்தார், ஜோவனோவிச் ஏற்கெனவே இருந்தார், கெசையா வீண்டோர்ப் முன்னும் பின்னுமாக ஆடினார். தனித்தனியாக எல்லோரும் அனுபவசாலிகள். கொச்சியில் கேரளாவோடு நடந்த முதல் ஆட்டத்திலேயே வீண்டோர்ப் காலில் பட்டு நம் வலைக்குள்ளேயே ஒரு கோல், குர்பிரீத் காலடியிலிருந்து கேரளாவின் லூனா பறித்து இன்னொரு கோல். அங்கே விழுந்த பயம் போகவே இல்லை. குர்பிரீத்தை மட்டும் குற்றம் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 2017-லிருந்து நம் வலையைக் காக்கிற ஆள், இந்திய அணியின் கோல் கீப்பர். 34 கோலில் நிறைய அவரை நேருக்கு நேர் தனியாக விட்டுவிட்டு வாங்கினது. ஜனவரியில் ஹைதராபாத்திலிருந்து சிங்லென்சனாவும் நிகில் பூஜாரியும் வந்த பிறகு பின்பக்கம் கொஞ்சம் மூச்சு வந்தது. அவர்களை வைத்துக்கொள்ள வேண்டும்.

டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை. மும்பையிடம் 0-4. நம் சொந்த கிரவுண்டில். மூன்றாவது கோலுக்குப் பிறகு குடும்பத்தோடு வந்தவர்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். நாங்கள் கடைசி விசில் வரைக்கும் இருந்தோம். திரும்பும்போது கப்பன் பார்க் மெட்ரோவில் நீலச் சட்டைக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் நின்றார்கள். அல்சூர் ஸ்டேஷனில் இறங்கி வீடு வரைக்கும் பொண்ணு ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் கிரேசனை அனுப்பிவிட்டார்கள் என்று செய்தி. பிறகு ஜெரார்ட் சரகோசா வந்தார், முன்னமே இந்த கிளப்பில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். ஆட்டத்தில் ஒழுங்கு வந்தது, பந்தைத் தரையில் ஓட்டினார்கள். கட்டின வீட்டுக்குள் நடுவில் வந்து சேர்ந்தவர், சுவரை மாற்ற அவரால் முடியவில்லை. ஏப்ரல் 11, ரம்ஜான் அன்றைக்கு, கடைசி ஆட்டம் மோகன் பகானோடு. அதிலும் 0-4. பக்கத்துக் கடை பாய் பாசமாகக் கொடுத்தனுப்பின பிரியாணி டப்பாவை நாங்கள் திறந்தது ராத்திரி பதினொரு மணிக்கு.

நல்லதையும் சொல்ல வேண்டும். அக்டோபர் 4-ஆம் தேதி ஈஸ்ட் பெங்காலோடு ஹாவி எர்னாண்டஸ் காற்றில் எழும்பி அடித்த கோலுக்கே நான் கொடுத்த காசு சரியாகிவிட்டது. மார்ச் 2-ஆம் தேதி கேரளாவோடு ஆட்டம். மஞ்சள் சட்டை கூட்டம் கூட்டமாக வந்திருந்தது. 89-ஆவது நிமிஷத்தில் அதே ஹாவி. முன் வரிசையில் இருந்த முன்பின் தெரியாத பெரியவர் ஒருத்தர் திரும்பி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். இந்த அணியில் பந்து காலுக்கு வந்ததும் தலை தூக்கிப் பார்க்கிற ஒரே மிட்ஃபீல்டர் ஹாவிதான். சுரேஷும் ரோஷனும் உழைப்பாளிகள். ரோஷனின் ஃப்ரீ கிக்கும் கார்னரும் இன்னும் நாலைந்து கோல் தந்திருக்க வேண்டியவை, பெட்டிக்குள் தலை கொடுக்க ஆள் சரியாக வரவில்லை.

இப்போது என் மனசில் கிடக்கிற பெரிய குறை. நான் பிறந்து வளர்ந்தது அல்சூர் கௌதமபுரம். எங்கள் தெருவில் பெலேவுக்குச் சிலை இருக்கிறது. எங்கள் நைனா பின்னி மில் ஷிஃப்ட் முடிந்து வந்து வெறுங்காலோடு ஆடினவர். இன்றைக்குக் கர்நாடகா என்கிற மைசூர் மாநிலம், மாநில அணிகள் மோதுகிற சந்தோஷ் கோப்பையை நாலு தடவை ஜெயித்தது, கடைசியாக 1968-69-இல். அந்தக் கதையைச் சோற்றோடு ஊட்டித்தான் எங்களை வளர்த்தார்கள். அதற்கப்புறம் 54 வருஷம் கழித்து 2023 மார்ச்சில் கர்நாடகா ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று ஜெயித்துக் கோப்பையைக் கொண்டு வந்தது. ஊரில் நன்றாக ஆடுகிற கால் இருக்கிறது. களத்தில் ஒரே நேரத்தில் வெளிநாட்டவர் நாலு பேர்தான் ஆடலாம், மீதி ஏழு இடம் இந்தியர்களுக்கு. அந்த ஏழில் இந்த ஊர்ப் பையன் என்று நான் கைகாட்ட முடிந்தது பெரும்பாலும் ஷங்கர் சம்பங்கிராஜ் ஒருவரைத்தான். 10-ஆவது இடத்துக்கு வருவதென்றால் கூட, நம் பையன்களை ஆட வைத்து வந்திருந்தால் அடுத்த வருஷத்துக்கு எதாவது மிஞ்சியிருக்கும்.

சேத்ரிக்கு 2024 ஆகஸ்ட் 3-ஆம் தேதி 40 வயது ஆனது. 2013-இல் கிளப் பிறந்த வருஷமே வந்தவர். அவர் ஆடுகிறார் என்பது சந்தோஷம்தான், ஆனால் முன்வரிசையில் யார் என்று கேட்டால் பத்து வருஷம் கழித்தும் முதலில் அவர் பேரைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது ஆள் எடுக்கிறவர்கள் பதில் சொல்ல வேண்டிய விஷயம். டிஃபெண்டருக்குப் பின்னால் ஓடுகிற ஒரு ஸ்ட்ரைக்கர், ஓரத்தில் வேகம் உள்ள இரண்டு பேர், பந்தைப் பின்னாலிருந்து நிதானமாக எடுத்து வருகிற ஒரு டிஃபெண்டர். இவர்களை எடுத்தால் சிவசக்தி மறுபடி முளைப்பான். பிளே-ஆஃபுக்குப் போகிற கடைசி இடமான ஆறாவது இடத்துக்கும் நமக்கும் இடைவெளி வெறும் 5 புள்ளி.

அணிக்கு ஐந்துக்கு இரண்டு கொடுக்கிறேன். மேற்கு பிளாக்கில் அந்தக் கூட்டத்தோடு நின்று பார்த்த பதினொரு மாலைக்கு ஐந்துக்கு நாலரை. அடுத்த சீசனுக்கும் டிக்கெட் இரண்டு எடுப்பேன், பொண்ணு இப்போதே கேட்டுவிட்டாள்.

இந்திய அணியிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்து சேத்ரி ஆடின ஆட்டம் 2024 ஜூன் 6, கொல்கத்தாவில், குவைத்தோடு. (2025-இல் மறுபடி திரும்பி வந்தார்.) அதற்கு முன்னால் 150 ஆட்டம், 94 கோல். அன்றைக்குக் கடையை ஐந்து மணிக்கே சாத்திவிட்டேன். ஜெர்சி வாங்க வேண்டியவர்களை மதியத்துக்குள் வரச் சொல்லியிருந்தேன்.