பத்து வயதுச் சிறுமிக்கு ஒரு பழைய மிஸ்ட்ரல் பலகை: எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது?

சிங்கப்பூரை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த ஒருவரிடம் 200 வெள்ளி கொடுத்து ஒரு மிஸ்ட்ரல் ஒன் டிசைன் பலகையை வாங்கினேன். 372 செ.மீ. நீளமும் 63 செ.மீ. அகலமும் கொண்ட அந்தப் பலகை 1996, 2000, 2004 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் விண்ட்சர்ஃபிங்கிற்கு, அதாவது பலகைமேல் நின்று பாயால் காற்றைப் பிடித்து ஓட்டும் விளையாட்டுக்கு, உரியதாக இருந்தது. லீ லாய் ஷான் 1996இல் ஹாங்காங்கிற்கு அதன் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்று தந்ததும் இந்த வகைப் பலகையின் மேல் நின்றுதான். நான் வாங்கியது என் அக்கா மகளுக்காக. அவளுக்குப் பத்து வயது, எடை 31 கிலோ. பலகையுடன் வந்த 7.4 சதுர மீட்டர் பாயும், ஒரே துண்டாக நீண்ட பாய்மரமும், பாயைப் பிடித்துக்கொள்வதற்கான பருத்த கைப்பிடிச் சட்டமும் வளர்ந்த விளையாட்டாளர்களுக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றில் எதை விடுவது, எதற்குப் பணம் செலவழிப்பது என்பதை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்ததன் விளைவே இந்த அலசல்.

முதலில், இந்தப் பலகையை வைத்துக்கொள்வதே சரியா என்ற கேள்வி இருந்தது. அதற்கு இரண்டு போட்டியாளர்கள். ஒன்று டெக்னோ 293, 293 செ.மீ. நீளம், 79 செ.மீ. அகலம், 205 லிட்டர் கொள்ளளவு. சிங்கப்பூரில் 2010இல் நடந்த இளையர் ஒலிம்பிக்கில் பதின்ம வயதினர் ஓட்டியது அதைத்தான். மற்றது, காற்றடித்து விறைப்பாக்கி, வேலை முடிந்ததும் சுருட்டிப் பைக்குள் வைத்துவிடக்கூடிய ஊதுபலகை.

நிற்கும் நிலைத்தன்மையைத் தருவது அகலம். அந்த ஒரு கணக்கில் டெக்னோ வெல்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்திருந்தால் நான் டெக்னோவைத்தான் எடுத்திருப்பேன். ஆனால் எனக்குக் காட்டப்பட்ட பழைய டெக்னோ ஒன்றுக்கு மிஸ்ட்ரலைப்போல் நான்கு மடங்கு விலை கேட்டார்கள். ஊதுபலகையின் குறை வேறு. அவற்றில் பலவற்றுக்கு டேகர்போர்டு, அதாவது பலகையின் நடுவிலிருந்து நீருக்குள் இறங்கும் செங்குத்துத் தகடு, கிடையாது. அதற்குப் பதிலாக அடியில் ஒரு சிறிய ஃபின், அதாவது மீன்துடுப்புப் போன்ற தகடு, மட்டுமே இருக்கும். அது பக்கவாட்டு நழுவலை ஓரளவுதான் தடுக்கும். புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வர முடியாத பிள்ளை, பயிற்சி நேரத்தில் பாதியை மணலில் பலகையை இழுத்துக்கொண்டு நடப்பதிலேயே கழிக்கும் என்பதைக் கரையில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். மிஸ்ட்ரலின் டேகர்போர்டு பெரியது. அதை முழுதும் இறக்கிவிட்டால் காற்றை எதிர்த்து மூலைவாட்டில் ஏறி வரலாம். குறுகிய பலகைக்கே உரிய பக்கவாட்டு ஆட்டமும் கணிசமாக அடங்கிவிடும்.

பலகையை வைத்துக்கொள்வதென்று முடிவெடுத்தபின், வேறெதற்கும் பணம் செலவழிப்பதற்கு முன்னால், அது நீர் குடித்திருக்கிறதா என்று பார்த்தேன். பார்த்தது நல்லதாயிற்று. வெறும் பலகை சுமார் 15 கிலோ இருக்க வேண்டும்; என் தராசு ஏறத்தாழ 19 காட்டியது. மேற்பரப்பில் உள்ள காற்றுத் திருகைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு ரப்பர் குழாயை வைத்து வாயால் மெல்ல ஊதிக்கொண்டே, பாத்திரம் கழுவும் சோப்பு நீரை விளிம்புகளில் பூசிக்கொண்டு வந்தபோது, டேகர்போர்டு பெட்டியின் பின்மூலையில் கடுகளவு குமிழிகள் வரிசையாக எழுந்தன. துளையைக் கீழ்நோக்கி வைத்து, நிழலில் மூன்று வாரம் சாய்த்து உலர்த்திய பிறகே அடைத்தேன். அடைப்பதற்கு இரண்டு வழிகள் சொல்லப்பட்டன: படகுப் பட்டறைகளில் மலிவாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் பிசின், அல்லது அதைவிட விலைகூடிய எப்பாக்சி. உள்ளே பாலிஸ்டைரீன் நுரை இருக்கும் பலகையில் இதைப் பற்றி விவாதிக்கவே இடமில்லை. பாலியெஸ்டர் பிசினில் கலந்துள்ள ஸ்டைரீன் அந்த நுரையைக் கரைத்துவிடும். எப்பாக்சியும் ஒரு துண்டு கண்ணாடியிழைத் துணியும் போதுமானவையாக இருந்தன.

அடுத்தது பாய். முடிவு தடுமாறியதும் நேரம் அதிகம் செலவானதும் இங்கேதான்.

முதல் தெரிவு, உடன் வந்த 7.4 பாயையே பயன்படுத்துவது. செலவில்லை என்பதைத் தவிர அதன் பக்கம் சொல்ல ஒன்றுமில்லை. விழுந்த பாயை நீரிலிருந்து தூக்குவதுதான் தொடக்கநிலையாளரின் பெரும்பாலான வேலை. பாய்மரம் நுழையும் உறைக்குள் நீர் நிறைந்திருக்கும். பாயின் மேலும் நீர் தேங்கி அழுத்தும். பத்து கிலோவை நெருங்கும் தொகுப்போடு அந்த நீரையும் சேர்த்து, தூக்குக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு 31 கிலோ உடல் பின்னால் சாய்ந்தால், எழுவது பாயல்ல, பிள்ளையின் கால்கள்தான்.

இரண்டாவது தெரிவு, பலரும் எனக்குப் பரிந்துரைத்தது: வளர்ந்தவர்கள் கடுங்காற்றில் பயன்படுத்தும் 4.5 சதுர மீட்டர் அலைப்பாய் ஒன்றைப் பழையதாக மலிவு விலைக்கு வாங்குவது. பரப்பளவைப் பார்த்தால் இது நியாயமாகத் தோன்றும். பாயைத் தரையில் விரித்து, அவளைப் பக்கத்தில் படுக்கவைத்துப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. கைப்பிடிச் சட்டம் பாய்மரத்தைக் கவ்வுவதற்காகப் பாயின் உறையில் ஒரு இடைவெளி வெட்டப்பட்டிருக்கும். அந்த இடைவெளியின் கீழ்விளிம்பே அவளுடைய முகவாய்க்கு மேலே இருந்தது. சட்டம் தோளுக்கும் முகவாய்க்கும் இடைப்பட்ட உயரத்தில் இருந்தால்தான் உடல் எடையைத் தொங்கவிட்டுக் காற்றைத் தாங்க முடியும். தலைக்கு மேல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யாராலும் கற்க முடியாது. பாயை வெட்டிக் குறைக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. பாயின் முன்விளிம்பு வளைவு, அதற்கென்று குறிக்கப்பட்ட பாய்மரத்தின் வளைவுக்கு ஏற்ப வெட்டப்பட்டிருக்கும் என்பதால், அடியில் அரை மீட்டரை வெட்டினால் மிஞ்சுவது சரியாக விறைக்காத ஒரு துணிதான். அதோடு வெயிலில் பல ஆண்டு கிடந்த மோனோஃபிலிம் (பிளாஸ்டிக் படலம்) பாய் அப்பளம்போல் நொறுங்கும். அதன் ஓரங்கள் தோலைக் கீறும்.

மூன்றாவது தெரிவு, பிள்ளைகளுக்கென்றே செய்த தொகுப்பு: டேக்ரான் துணியில் 2.5 அல்லது 3 சதுர மீட்டர் பாய், குட்டையான பாய்மரம், மெல்லிய சட்டம், எல்லாம் சேர்ந்து மூன்று நான்கு கிலோ. பலகைக்குக் கொடுத்த விலையைப்போல் இரண்டு மடங்கு இதற்கு ஆனது. இருந்தும் தயங்காமல் வாங்கியதற்குக் காரணம், பிள்ளையின் கைக்கு வருகிற பொருள் இதுதான். பலகை காலுக்குக் கீழே எவ்வளவு கனமாக இருந்தாலும் நீர் அதைச் சுமந்துகொள்ளும்.

அளவில்தான் கருத்து வேறுபாடு எழுந்தது. இங்கே ஆண்டின் பல மாதங்கள் காற்று மெலிவு. டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வீசும் வாடைக்காற்றுதான் நம்பத்தக்கது. ஆகவே 2.5 போதாது, 3.5 வாங்கு என்றார் கரையில் இருந்த அனுபவசாலி ஒருவர். அகலமான குட்டைப் பலகைக்கு அவர் சொன்னது சரி. மெல்லிய காற்றில் அது தேங்கி நின்றுவிடும். நீண்டு குறுகிய மிஸ்ட்ரலோ ஆறு நாட் (மணிக்குச் சுமார் 11 கி.மீ.) காற்றிலேயே நீரைக் கிழித்துக்கொண்டு வழுக்கும். பாயைத் துணிந்து சிறிதாக்க இடம் தருவதே பழைய பலகையின் நீளம்தான் என்பது எனக்கு அப்போது உறைத்தது. ஆகவே 2.5ஐ எடுத்தேன். முதல் நாள் காலையில் அவள் அதைப் பதினேழு முறை தூக்கினாள். எண்ணியது அவள்தான், நானல்ல.

கைப்பிடிச் சட்டத்தைப் பற்றி ஒரு சிறு சோதனை. பழைய சட்டம் உறையோடு சேர்த்துப் பருமனாக இருந்தது. அவள் அதைப் பிடித்தபோது கட்டைவிரலும் நடுவிரலும் ஒன்றையொன்று தொடவில்லை. அப்படிப் பிடிக்கிற பிள்ளைக்குக் கால்மணி நேரத்தில் முன்கை கல்லாகிவிடும். மெல்லிய சட்டத்தில் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. பழையதை நீளத்தில் குறைத்துப் பயன்படுத்தலாமா என்றால், முழுதும் சுருக்கினாலும் சிறிய பாயின் பின்மூலையைத் தாண்டி முழ நீளம் துருத்திக்கொண்டிருக்கும்.

பாய்மரத்தைப் பலகையோடு இணைக்கும் மூட்டில் ரப்பர், பாலியூரித்தேன் தண்டு, உலோக மூட்டு என்று வகைகள் உண்டு. எதை எடுத்தாலும், மூட்டு அறுந்தால் பாயைப் பிடித்துவைக்கும் பாதுகாப்புப் பட்டி இருக்க வேண்டும். கடலில் பாய் ஒரு பக்கமும் பலகை ஒரு பக்கமும் போவதைவிட மோசமான நிலை பிள்ளைக்கு வேறில்லை. பழைய ரப்பரை வளைத்துப் பார்த்தேன். அதன் ஒடுங்கிய நடுப்பகுதியில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. புது ரப்பரே போட்டேன். அது தடிமனானது, விறைப்பானது. ஆயினும் பழுதை முன்கூட்டியே கண்ணுக்குக் காட்டிவிடும்.

அந்த மூட்டை எங்கே வைப்பது என்பதில் நான் தவறு செய்தேன். மிஸ்ட்ரலில் பாய்மர அடி முன்னும் பின்னும் நகரும் தண்டவாளம் உண்டு. பழைய பாய்க்கு இருந்த இடத்திலேயே விட்டிருந்தேன். பலகையின் மூக்கு ஓயாமல் காற்றுக்குப் புறங்காட்டித் திரும்பியது. அவள் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள். சிறிய பாயில் காற்றின் விசை குவியும் மையம் பாய்மரத்திற்கு நெருக்கமாக இருப்பதால், அது டேகர்போர்டுக்கு வெகு முன்னால் போய் விழுந்திருக்கிறது. அடியைப் பத்து செ.மீ. பின்னுக்குத் தள்ளிப் பூட்டியதும் பலகை நேராக ஓடியது.

மேற்பரப்புப் பிடிமானத்திற்கு இரண்டு வழிகள். ஈரமான எப்பாக்சியின் மேல் சர்க்கரையைத் தூவி, இறுகியபின் நீரில் கரைத்துவிட்டால் சொரசொரப்பான தளம் மிஞ்சும். செலவு கிட்டத்தட்ட இல்லை, எறும்புகளைச் சமாளிப்பது மட்டும் உங்கள் பொறுப்பு. ஆனால் தொடக்கநிலைப் பிள்ளை பலகையின் மேல் நிற்கும் நேரத்தைவிட மண்டியிட்டு ஏறும் நேரமே அதிகம். சர்க்கரைத் தளம் முட்டியை உரித்துவிடும். ஈவிஏ நுரைத்தாளை ஒட்டினேன். ஓரங்கள் வெயிலில் பெயர்கின்றன, மாதம் ஒருமுறை திரும்ப ஒட்டுகிறேன். பாதத்தைச் செருகிக்கொள்ளும் கால்வார்களைக் கழற்றிவிட்டு, துளைகளில் மண் புகாமலிருக்கத் திருகுகளை மட்டும் திரும்பப் போட்டேன். ஃபினைப் பொறுத்தவரை, ஆழமில்லாத கரையில் குட்டையானதே போதும்.

முதல் சில வாரங்கள் பலகையின் பின்முனையில் 15 மீட்டர் கயிற்றைக் கட்டி மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன், ஏனெனில் சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் வாடைக்காற்று சில நாள்களில் கரையிலிருந்து கடல் பக்கமாகத் தள்ளும், அப்பால் நங்கூரமிட்ட கப்பல்கள் நிற்கின்றன. ஏப்ரலுக்குப் பிறகு விடியற்காலையில் மேற்கிலிருந்து வரும் சுமத்ராச் சூறைக்காற்றின் முன் எந்தப் பலகையும் ஒன்றுதான். மேற்கே கறுத்தால் அன்று கடலுக்குப் போவதில்லை.

ஊதுபலகை எல்லாரையும் தோற்கடிக்கும் ஓர் இடத்தையும் சொல்லியாக வேண்டும். 372 செ.மீ. பலகை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் மின்தூக்கிக்குள் நுழையாது, வழியை மறித்துத் தாழ்வாரத்தில் வைக்கவும் கூடாது. கரையோரத்தில் மாத வாடகைக்கு ஓர் அடுக்கு எடுத்திருக்கிறேன்; ஓராண்டு வாடகை பலகையின் விலையைத் தாண்டிவிட்டது. அதே அடுக்கில் பழைய 7.4 பாயும் இருக்கிறது. காற்று ஐந்து நாட் அளவுக்குக் கீழே இறங்கும் நாள்களில், அவள் கரையில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொள்ள, நான் அதை எடுத்துப் போகிறேன்.