ஒரே ஷாட், இரண்டு ஒலிகள்: ‘டச் ஆஃப் ஈவில்’ ப்ளூ-ரே

ஆர்சன் வெல்ஸ் இயக்கி 1958-இல் வெளிவந்த ‘டச் ஆஃப் ஈவில்’ படத்தின் மூன்று வடிவங்களையும் சேர்த்து யுனிவர்சல் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட ப்ளூ-ரேயை, படத்தின் முதல் மூன்றரை நிமிடங்களை மனத்தில் வைத்தே வாங்கினேன். இணையக் கடையிலிருந்து வந்த பெட்டியின் மூலை நசுங்கியிருந்தது. நல்லவேளையாகத் தட்டில் கீறல் இல்லை.

இருட்டில் ஒரு கை, வெடிகுண்டோடு பிணைத்த கடிகாரத்தை ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்குத் திருப்பி வைக்கிறது. தொலைவில் ஒரு பெண் சிரிக்கிறாள். குண்டை வைத்திருப்பவன், நிழல் சுவரில் பெரிதாக விழ ஓடி, நின்றிருக்கும் திறந்த காரின் டிக்கியில் அதை வைத்துவிட்டு மறைகிறான். வயதான பணக்காரர் ஒருவரும் அவருடன் வந்த பெண்ணும் ஏறிக்கொள்ள, கார் புறப்படுகிறது. ரஸ்ஸல் மெட்டியின் கேமரா கிரேனில் எழும்பிக் கூரைக்கு மேலே போய், கட்டடத்துக்குப் பின்னால் காரைத் தொலைத்து, தெருவில் மறுபடி பிடிக்கிறது. சார்ல்டன் ஹெஸ்டனும் ஜேனட் லீயும் நடித்திருக்கும் புதுமணத் தம்பதியர், சில நேரம் காருக்கு முன்னால், சில நேரம் அதன் பக்கத்திலேயே நடந்து எல்லைச் சாவடிக்கு வருகிறார்கள். கலிபோர்னியாவின் வெனிஸ் பகுதித் தெருக்கள்தாம் இங்கே மெக்சிகோ எல்லை ஊராகியிருக்கின்றன.

இத்தனையும் ஒரே ஷாட். வெட்டு இருந்தால் இயக்குநர் நேரத்தை நீட்டலாம், சுருக்கலாம். இங்கே குண்டின் கடிகாரமும் நம் கைக்கடிகாரமும் ஒன்றாகவே ஓடுகின்றன. போக்குவரத்துக் காவலர் கை காட்டி நிறுத்துவதும் ஆடுகள் குறுக்கே வருவதும் சாதாரணத் தெரு இடையூறுகள்தாம் என்றாலும், டிக்கியில் இருப்பதை அறிந்த நமக்கு ஒவ்வொன்றும் நெஞ்சில் ஏறுகிறது. கேமரா காரை விட்டுத் தம்பதியரோடு நடக்கத் தொடங்கும் இடங்களே எனக்கு மிகவும் கடினமானவை. கார் எங்கே என்று பிரேமின் ஓரங்களைக் கண் தானாகத் தேடுகிறது.

இதே ஷாட்டை ஸ்டூடியோ வெளியிட்ட வடிவத்தில் பார்த்தால், ஹென்றி மான்சினியின் பாங்கோ தாளமும் பித்தளைக் கருவிகளும் முழுதாக ஒலிக்க, நடிகர்களின் பெயர்கள் படத்தின் மேலேயே வந்து போகின்றன. கடிகார ஒலி தாளத்தோடு கலந்துவிடுகிற தொடக்கம் அருமையானது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இசை, இது ஆபத்து என்று முதல் நொடியிலிருந்தே நம் தோளைத் தட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. எழுத்துகளைப் படிக்கும் கண் காரைக் கோட்டை விடுகிறது.

ஸ்டூடியோ தொகுத்த வடிவத்தைப் பார்த்துவிட்டு 1957 டிசம்பரில் வெல்ஸ் எழுதிய 58 பக்கக் குறிப்பை அடிப்படையாகக் கொண்டு, படத்தொகுப்பாளரும் ஒலி வடிவமைப்பாளருமான வால்டர் மர்ச் 1998-இல் செப்பனிட்ட வடிவத்தில் எழுத்துகளும் இல்லை, மான்சினியின் தொடக்க இசையும் இல்லை. மதுக்கூடங்களின் வாசல்களைக் கடக்கும்போதெல்லாம் ஒரு பாட்டு தேய்ந்து இன்னொன்று எழுகிறது. காரின் ரேடியோ அதனோடு வந்து போகிறது. கார் கண்ணில் படாதபோதும் அதன் ரேடியோ காதில் விழுவதால், இப்போது பின்தொடரும் வேலை காதுக்கு வந்துவிடுகிறது. ரேடியோ வலுக்கும்போது வயிறு கலங்குகிறது, தேயும்போது மூச்சு விட முடிகிறது. சாவடியில், தன் தலைக்குள் டிக் டிக் என்று சத்தம் கேட்பதாகக் காரில் இருக்கும் பெண் குறைப்பட்டுக்கொள்ளும் வசனம், பின்னணி இசையில் மூழ்காமல் தெளிவாக வந்து விழுகிறது. கார் பிரேமை விட்டுப் போகிறது, தம்பதியர் முத்தமிடுகிறார்கள், வெடிப்பை முதலில் கேட்கிறோம், அதன் பிறகே படத்தின் முதல் வெட்டு வருகிறது.

இந்தத் தெரு இசை தரமாக ஒலிக்கக் கூடாது என்பதிலும் வெல்ஸ் கவனமாக இருந்தார். மலிவான ஒலிபெருக்கியில் சந்தில் ஒலிக்கவிட்டு அதைத் திரும்பப் பதிவு செய்ய வேண்டும் என்று குறிப்பில் எழுதியிருக்கிறார். மர்ச்சும் பிற்காலத்தில் தாமாகவே இந்த உத்திக்கு வந்து சேர்ந்தவர் என்பது சுவையான செய்தி.

தட்டின் தரத்தைப் பொறுத்தவரை, இரவுக் காட்சிகளில் கறுப்பு கறுப்பாகவே நிற்கிறது. ஈரத்தெருவின் மினுக்கமும் பிலிமின் துகளும் துடைத்தெடுக்கப்படவில்லை. ஒலி மோனோதான். இடம் வலம் என்று பிரிக்க வழியில்லாத நிலையில், சத்தத்தின் அளவையும் எதிரொலியையும் மட்டும் வைத்தே தூரம் காட்டப்படுவதால் தொலைக்காட்சியின் சிறிய ஸ்பீக்கரில் பாதி விஷயம் போய்விடுகிறது. எனக்கு ஹெட்ஃபோனில்தான் ரேடியோவின் ஏற்ற இறக்கம் முழுதாகப் பிடிபட்டது. தமிழ் வசனவரிகள் கிடையாது. சீரமைப்பைப் பற்றிய சிறு ஆவணப்படம் பார்க்கத் தகுந்தது. மெக்சிகோக்காரராக முகத்தில் சாயம் பூசி வரும் ஹெஸ்டன் இன்று உறுத்துகிறார். அதை எந்தச் சீரமைப்பாலும் சரிசெய்ய முடியாது.

வாங்குபவர்கள் முதலில் 1958-இன் திரையரங்க வடிவத்தை ஓட்டிவிட்டு, பிறகு அதே ஷாட்டை ஒலியே இல்லாமல் ஒருமுறை பார்த்து, மூன்றாவதாக 1998 வடிவத்துக்கு வரலாம். ஒலியில்லாத அந்த ஓட்டத்தில் கார் வெறும் கார்தான். ஊர்வலம் போல அமைதியாக நகர்ந்து போகிறது.