ஆர்எக்ஸ் 100: போர்ட்டை அராவுவதா, சைலன்சரை மாற்றுவதா?

யமஹா ஆர்எக்ஸ் 100 வெறும் 98 சிசி, கம்பெனியிலிருந்து வந்தபடியே சுமார் 11 குதிரைத்திறன். மன்னார்குடிப் பக்கம் இதை இன்னும் பொத்திப் பொத்தி வைத்திருப்பவர்கள் கூடுதல் வேகம் கேட்டால், முதலில் வருவது இந்த இரண்டு வழிகள்தான்.

போர்ட்டிங் என்றால் சிலிண்டரில் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் துவாரத்தின் (போர்ட்) மேல்விளிம்பை அராவி உயர்த்துவது. துவாரம் சீக்கிரம் திறந்து தாமதமாக மூடும். அதிக ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் வேகமாகச் சுழலும்போது, வண்டி பறக்கும், ஆனால் குறைந்த ஆர்பிஎம்மில் இருக்கும் இழுவை போய்விடும். நெல் மூட்டையோடு வெண்ணாற்றங்கரையில் ஏறும்போது அது நன்றாகவே தெரியும். கொஞ்சம் கூடுதலாக அராவிவிட்டால் திரும்ப ஒட்டவும் முடியாது.

சைலன்சருக்குப் பதிலாக மாட்டும் எக்ஸ்பான்ஷன் சேம்பர் வேறு கதை. நடுவில் பருத்து இரு பக்கமும் கூம்பாக ஒடுங்கும் குழாய் இது. முன் கூம்பு புகையை உறிஞ்சி இழுக்கிறது. பின் கூம்பில் மோதித் திரும்பும் அழுத்த அலை, வெளியே தப்பிய பெட்ரோல் கலவையைத் துவாரம் மூடுவதற்குள் சிலிண்டருக்கே தள்ளிவிடுகிறது. எனக்கு இந்த நுட்பம் இன்றும் வியப்புதான். குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் வேலை செய்யும், சத்தமும் கூடும், சாலையில் போலீஸ் அபராதம் போடலாம். இருந்தாலும் என் ஓட்டு இதற்கே. சரிவரவில்லை என்றால் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டிக்கொள்ளலாம்.

எதைச் செய்தாலும் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டைக் கவனியுங்கள். கலவையில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். ஸ்பார்க் பிளக் முனை வெளுத்திருந்தால் அப்புறம் ஓட்டவே வேண்டாம், ஜெட்டைப் பெரிதாக்குங்கள். முனைக்குக் காப்பிக்கொட்டை நிறம் வரவேண்டும்.