ருமேனியா 94, பத்தாம் இலக்க ஹாஜி ஜேர்சி: துணி பரவாயில்லை, அட்டையைத் திருத்துங்கள்

வவுனியாவில் ஒரு விளையாட்டுப் பொருள் கடை பழைய உலகக் கிண்ண ஜேர்சிகளைத் தாங்களே அடித்து விற்கத் தொடங்கியிருக்கிறது. மரடோனா, பாஜியோ, ரொனால்டோ எல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்த வரிசையில் 1994 உலகக் கிண்ணத்தில் ருமேனியா போட்ட மஞ்சள் ஜேர்சியும் முதுகில் அந்த அணியின் நடுக்கள வீரர் ஹாஜியின் பெயரோடும் 10 என்ற இலக்கத்தோடும் தொங்கும் என்று யார் நினைத்தது? விலை 2,800 ரூபாய். ஒரிஜினல் இல்லை, ஒரிஜினல் என்று அவர்கள் சொல்லவும் இல்லை, அந்த நேர்மைக்கே முதல் புள்ளி கொடுக்கலாம்.

முதலில் துணியைப் பார்ப்போம். பொலியெஸ்டர்தான், ஆனால் மெல்லியது, காற்றுப் போகும். கிளிநொச்சி வெயிலில் பின்னேரம் நாலு மணிக்கு இறங்கி விளையாடினாலும் உடம்போடு ஒட்டிக்கொண்டு கழுத்தை நெரிக்கிற சாதி இல்லை. தையல் உறுதி, கைப்பக்கம் இழுத்தால் கிழியாது (எங்கள் மைதானத்தில் இழுக்காமல் யார் விளையாடுகிறார்கள்). வெட்டுத்தான் சரியில்லை. 94 இல் எல்லா அணியும் தொளதொளவென்றுதான் போட்டார்கள், ஹாஜியின் பழைய படங்களைப் பார்த்தால் சட்டைக்குள்ளே இன்னொரு ஆள் நுழையலாம் போல இருக்கும், இவர்களோ இப்போதைய மோஸ்தரில் இடுப்பை ஒட்டித் தைத்திருக்கிறார்கள். வயிறு வைத்த அண்ணைமார் கவனம். முன்பக்கச் சின்னம் நூல் வேலை, நேர்த்தி. முதுகில் உள்ள பெயரும் இலக்கமும் துணியோடு சேர்த்து அடித்ததில்லை, சூட்டில் ஒட்டியது, அதனால் கவலையாக இருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணியில் கல்சியம் கூட, சாதாரணச் சட்டையிலேயே வெள்ளை படியும், இதில் பத்தின் பூச்சியம் இப்போதே ஓரத்தில் லேசாகத் தூக்கப் பார்க்கிறது. மஞ்சளில் கிரவல் புழுதி பட்டால் போவதும் கஷ்டம். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் இதைப் போட்டு விளையாடுவதை விட, ஊருக்குள் போட்டுத் திரிவதுதான் புத்தி.

சரி, இனி அட்டை. ஒவ்வொரு ஜேர்சியோடும் அந்த வீரரைப் பற்றிச் சின்ன அட்டை ஒன்று தமிழில் அடித்து வைக்கிறார்கள். நல்ல யோசனை, வேறு எந்தக் கடையும் செய்வதில்லை. ஹாஜியின் அட்டையில் மூன்று வரி: ரியல் மட்ரிட், பார்சிலோனா ஜாம்பவான், ஸ்டீவாவோடு ஐரோப்பியக் கிண்ணம் வென்றவர், கார்பாத்தியன் மலையின் மரடோனா. மூன்றாவது சரி, கார்பாத்தியன் ருமேனியாவில் இருக்கிற மலைத்தொடர், அப்படித்தான் உலகம் அவரைக் கூப்பிட்டது. இரண்டாவது பிழை. முதலாவது, பிழை என்று சொல்ல முடியாது, ஆனால் ஆளையே மாற்றிக் காட்டுகிறது.

ருமேனியக் கழகமான ஸ்டீவா புக்கரெஸ்ட் ஐரோப்பியக் கிண்ணத்தை (கழகங்களுக்கானது, இப்போதைய சாம்பியன்ஸ் லீக்) வென்றது 1986 மே மாதம், செவிய்யாவில், பார்சிலோனாவைப் பெனால்டியில் அடித்து. அப்போது ஹாஜி அங்கே இல்லை, ஸ்போர்துல் ஸ்துதென்செஸ்க் என்ற சின்னக் கழகத்தில் இருந்தார். ஸ்டீவாவுக்கு வந்தது 1987 இல், ஐரோப்பிய சூப்பர் கிண்ணத்துக்காக. அந்த ஆட்டத்தில் டைனமோ கீவுக்கு எதிராக விழுந்த ஒரே கோல் அவருடையதுதான். 1989 இல் ஐரோப்பியக் கிண்ண இறுதிக்கும் போனார்கள், ஏசி மிலான் 4-0 என்று அடித்து அனுப்பியது. வெல்லாத கிண்ணத்தை எழுதி, உண்மையில் கோல் போட்டு வென்றுகொடுத்த கிண்ணத்தை விட்டிருக்கிறார்கள்.

மட்ரிட், பார்சிலோனா விசயத்துக்கு வருவோம். ருமேனியாவின் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி இருக்கும் வரை அவர் வெளிநாடு போக வழியில்லை. 89 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்த பிறகு, 1990 உலகக் கிண்ணத்தோடு ரியல் மட்ரிட் போனார். இரண்டு பருவம். ஒசாசுனாவுக்கு எதிராக மைதானத்தின் நடுவிலிருந்து அடித்த கோல் ஒன்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் லீக் பட்டம் கிடைக்கவில்லை. பிறகு இத்தாலியில் பிரெஷியா, போன முதல் பருவமே இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது, அவரும் கூடவே இறங்கி விளையாடினார், அடுத்த பருவம் திரும்ப ஏறினார்கள். அந்த உயரத்தில் இருந்த வீரர் இறங்கிய கழகத்தோடு நிற்பதை இப்போது யோசித்துப் பாருங்கள், முகவர் போனை வைக்கமாட்டார். 94 உலகக் கிண்ணத்துக்குப் பிறகு பார்சிலோனாவுக்கு அப்போதைய பயிற்றுநர் யோஹான் க்ரைஃப் எடுத்தார், அங்கேயும் இரண்டு பருவம், நிரந்தர இடமே இல்லை. இதில் ஜாம்பவான் எங்கே வருகிறார்? பெரிய கழகத்தின் பெயரைப் போட்டால் விற்கும் என்று கடைக்காரர் நினைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

இந்த மஞ்சள் ஜேர்சியைத் தெரிவு செய்தது சரி என்று நான் சொல்வதற்குக் காரணமும் அதுதான். தேசிய அணியில் அவர் வேறு ஆள். 18 வயதில் தொடங்கி 2000 வரை 124 ஆட்டம், 35 கோல், அதுவும் நடுக்களத்தில் நின்று. 94 இல் அமெரிக்காவில் முதல் ஆட்டமே கொலம்பியா, முந்தின வருசம் ஆர்ஜென்டினாவை 5-0 என்று அடித்த கொலம்பியா, கிண்ணம் அவர்களுக்குத்தான் என்று பெலேயே சொன்ன அணி. இடது ஓரத்தில், கோலிலிருந்து நாற்பது யார் தூரத்தில் பந்து ஹாஜியிடம் வருகிறது, எல்லோரும் உள்ளே குறொஸ் போடுவார் என்று பார்க்க, அவர் இடது காலால் தூக்கி விடுகிறார், முன்னே வந்து நின்ற கோல்காப்பாளர் கோர்டோபாவின் தலைக்கு மேலால் போய் உள்ளே விழுகிறது. 3-1. இரண்டாம் சுற்றில் ஆர்ஜென்டினா, மரடோனா ஊக்கமருந்துச் சோதனையில் அகப்பட்டு வெளியே போயிருந்த ஆர்ஜென்டினா. துமித்ரெஸ்கு இரண்டு, அதில் ஒன்று ஹாஜி பின்களத்தாருக்கு நடுவால் தள்ளிக் கொடுத்த பந்து, மூன்றாவதை ஹாஜியே அடித்தார், 3-2. காலிறுதியில் சுவீடனிடம் 2-2, பெனால்டியில் போயிற்று. ஹாஜி தன்னுடையதைப் போட்டுவிட்டார், பெட்ரெஸ்குவும் பெலோதேதிச்சும் அடித்ததைத்தான் சுவீடன் கோல்காப்பாளர் ரவெல்லி பிடித்தார்.

அந்தக் கிண்ணம் நடந்த நேரம் வன்னியில் போர், கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம். எங்கள் கழகத்து மூத்த அண்ணை ஒருவர் கொலம்பியா கோலைச் செய்தியில் காதால் கேட்டதோடு சரி, கண்ணால் பார்த்தது எத்தனையோ வருசத்துக்குப் பிறகு போனில். பார்க்காமலே ரசிகர். இந்த ஜேர்சியைக் கண்டதும் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, சுவிஸ் மாமாவுக்கு மட்டும் படம் அனுப்பாதை" என்றார். அதே கிண்ணத்தில் சுவிஸ் ருமேனியாவை 4-1 என்று அடித்ததை சுவிஸில் இருக்கிற எங்கள் ஆட்கள் இன்னும் சொல்லிக் காட்டுவார்கள். அந்த ஒன்றும் ஹாஜி அடித்ததுதான் என்பதை மட்டும் மறந்துவிடுவார்கள்.

98 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்தை வென்று அடுத்த சுற்று உறுதியானதும் அணி முழுக்கத் தலைமுடியை மஞ்சளாக்கிக்கொண்டு துனீசியாவுக்கு எதிராக இறங்கிய கதையை அட்டையில் போட்டிருந்தால் எங்கள் பெடியளுக்கு உடனே பிடித்திருக்கும். அதையும் விட்டுவிட்டார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஓட்டை, கலட்டாசராய் என்ற துருக்கிக் கழகத்தின் பெயரே அட்டையில் இல்லை. 1996 இல், 31 வயதில், முடிந்துபோன ஆள் என்று பலர் நினைத்த நேரத்தில் இஸ்தான்புல் போனார். தொடர்ந்து நாலு லீக் பட்டம். 2000 மே 17, கோபன்ஹேகன், யூஃபா கிண்ண இறுதி, எதிரே ஆர்சனல். மேலதிக நேரத்தில் டோனி அடம்ஸோடு மல்லுக்கட்டி சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார், பத்துப் பேரோடு தாக்குப்பிடித்து பெனால்டியில் வென்றார்கள், கடைசி அடியை அடித்தது அவருடைய சகலன் பொபெஸ்கு. துருக்கிக் கழகம் ஒன்று ஐரோப்பிய மட்டத்தில் ஏதாவது ஒரு கிண்ணம் எடுத்தது அதுதான் முதல் தடவை. கோபம் அவரோடு கூடப் பிறந்தது, ஒரு மாதம் கழித்து நாடுகளுக்கான யூரோ 2000 காலிறுதியில் இத்தாலிக்கு எதிராகவும் சிவப்பு, ருமேனியாவுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் அதுதான். இதை மறைக்காமல் எழுதினால்தான் ஆள் முழுசாகத் தெரிவார். பிறகு ருமேனியாவின் கொன்ஸ்டான்சாப் பக்கம் அவர் அக்கடமி தொடங்கி, அதிலிருந்து எழுந்த வீதோருல் கழகத்தை 2017 இல் பயிற்றுநராக நின்று சாம்பியனாக்கியதற்கும் ஒரு வரி கொடுத்திருக்கலாம்.

இவ்வளவையும் கடைக்காரரிடம் சொன்னேன், கோபிக்கவில்லை, எழுதித் தாங்கோ, அடுத்த அடிப்பில் மாற்றுகிறேன் என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன். கலட்டாசராய் ஜேர்சி கேட்டதற்கு, பத்துப் பேர் சேர்ந்தால் அடிக்கலாம் என்கிறார், விலை கொஞ்சம் கூடுமாம். அதில் இலக்கத்தைத் துணியோடு சேர்த்து அடிக்கச் சொல்லியும் கேட்டிருக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் கடையில் பெயரைக் கொடுங்கள், வழமையாக எம் போடுகிறவர்கள் எல் என்று சொல்லிக் கொடுங்கள்.