முதல் இயக்குநர் நாற்காலிக்கு நான்கு பேர்

கட்டட உரிமையாளர்களிடம் கையெழுத்து வாங்கியாயிற்று, பொது விசாரணை முடிந்தது, நகர மன்றமும் ஒப்புதல் கொடுத்துவிட்டது. அமெரிக்காவில் ஒரு கடைத்தெரு பிஐடி ஆவதற்குள் இரண்டு, மூன்று வருடங்கள் கூட ஓடிவிடும். அத்தனை களைப்போடு நிர்வாகக் குழு உட்கார்ந்து எடுக்கிற முதல் பெரிய முடிவு, செயல் இயக்குநராக யாரை வைப்பது என்பது. பெரும்பாலும் அவசரத்தில் எடுக்கப்படுவதும் அதுதான்.

பிஐடி என்பது பிசினஸ் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட். வணிக மேம்பாட்டு வட்டாரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஓர் எல்லைக்குள் இருக்கும் கட்டட உரிமையாளர்கள் சொத்து வரிக்கு மேல் ஒரு தொகை கட்டுகிறார்கள். பெரும்பாலும் மாநகராட்சி அதை வசூலித்து, வட்டாரத்துக்கென்று இருக்கும் லாப நோக்கற்ற அமைப்பிடம் கொடுத்துவிடுகிறது. பெருக்குவது, சுவர்க் கிறுக்கல்களை அழிப்பது, விளக்கு போடுவது, விழா நடத்துவது எல்லாம் அந்தக் காசில்தான். 1970-ல் கனடாவின் டொரன்டோவில், ப்ளூர் வெஸ்ட் வில்லேஜ் வியாபாரிகள் தொடங்கிவைத்த ஏற்பாடு இது. சுரங்க ரயில் வந்து தெருவில் நடக்கிற கூட்டம் குறைந்தது, பெரிய மால்கள் மிச்சத்தையும் இழுத்துக்கொண்டன. விருப்பப்பட்டவர் மட்டும் சந்தா கட்டும் சங்கத்தால் சமாளிக்க முடியவில்லை. எல்லோரும் கட்டியாக வேண்டும் என்று சட்டமே வந்தது.

இந்தக் கட்டாயத்தை மறக்காமல் இருப்பது நல்லது. பிஐடி வேண்டாம் என்று எதிர்த்தவரும் பணம் கட்டுகிறார். போதாததற்கு, பல வணிகக் குத்தகைகளில் வரிச் சுமை வாடகைதாரர் தலையில்தான் விழும். வாக்கு உரிமையாளருக்கு, செலவு கடைக்காரருக்கு. புது இயக்குநர் முதல் நாள் தெருவில் இறங்கும்போது எதிரே நிற்பது இந்தக் கடைக்காரர்தான்.

இன்னொன்று, அளவு. நியூயார்க் நகரத்தில் மட்டும் 75-க்கு மேற்பட்ட பிஐடிகள் இருக்கின்றன. மிகப் பெரியதன் ஆண்டு வரவு 2 கோடி டாலருக்கு மேல்; சின்னவை சில லட்சம் டாலரில் ஓடுகின்றன. பெயர் ஒன்றுதான், வேலை வேறு.

சரி, விண்ணப்பங்களைப் பார்க்கலாம். எந்தத் தெருவாக இருந்தாலும் அநேகமாக நான்கு வகை ஆட்கள்தான் வருவார்கள்.

முதலாமவர், பெரிய டவுன்டவுன் பிஐடியில் பழுத்தவர். குழு மயங்குவது இவரிடம்தான், மயங்குவதற்குக் காரணமும் இருக்கிறது. ஃபிலடெல்ஃபியாவின் சென்டர் சிட்டி டிஸ்ட்ரிக்டைத் தொடக்கம் முதல் 2023 கடைசி வரை, முப்பது வருடங்களுக்கு மேல் நடத்தியவர் பால் லெவி. வாஷிங்டனின் டவுன்டவுன் பிஐடி 1997-ல் தொடங்கியபோது தலைமைக்கு வந்த ரிச்சர்ட் பிராட்லி, அதற்கு முன் நகர மையங்களுக்கான சர்வதேச சங்கத்தையே நடத்தியவர். ஆனால் இவை அலுவலகக் கோபுரங்கள் நிறைந்த நகர மையங்கள். அங்கே துப்புரவுக்கு ஒரு மேலாளர், விளம்பரத்துக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர் என்று ஆள் உண்டு. சின்ன வட்டாரத்தில் இந்த மூன்றும் இயக்குநரேதான். குப்பைத் தொட்டி நிரம்பி வழிகிறது என்று சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வரும் போனையும் அவர்தான் எடுக்க வேண்டும். மொத்த வரவு 4 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். இவர் 1 லட்சத்து 30 ஆயிரம் கேட்டால், துடைப்பம் வாங்கும் முன்பே மூன்றில் ஒரு பங்கு போயிற்று. கடைக்காரர்கள் முதலில் கணக்குப் போடுவது இதைத்தான்.

இரண்டாமவர், மனுவைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்கியவர். வியாபாரிகள் சங்கத்திலோ உள்ளூர் வளர்ச்சி அமைப்பிலோ இருந்து, இரண்டு வருடங்களாகக் கதவு தட்டியவர். எந்தக் கட்டடத்தின் உரிமையாளர் ஊரில் இல்லை, யாருக்கு இமெயில் பிடிக்காது, எந்தச் சலூன்காரர் சொன்னால் பக்கத்துக் கடைகள் நான்கும் கேட்கும் என்பதெல்லாம் இவருக்குத் தெரியும். முதல் வருடத்தில் காசு கொடுத்து வாங்க முடியாத சரக்கு அது. ஆனால் கையெழுத்துக்காக இவர் வாக்குறுதிகளும் கொடுத்திருப்பார். "உங்கள் வாசலுக்கு விளக்கு வந்துவிடும்" என்று பத்துப் பேரிடம் சொல்லியிருந்தால், பட்ஜெட்டில் மூன்று விளக்குக்குத்தான் இடம் இருக்கும். எதிர்த்தவர்கள் கண்ணுக்கு இவர் ஒரு கட்சிக்காரர். டெண்டர், காப்பீடு, தணிக்கை என்றால் இவர் கை நடுங்குவதையும் பார்க்கலாம்.

மூன்றாமவர் மாநகராட்சியிலிருந்து வருகிறவர்: ஒரு துறையின் இடைநிலை அதிகாரி, அல்லது நகர மன்ற உறுப்பினரிடம் வேலை பார்த்தவர். இவரை நான் பலரை விட உயர்வாக மதிப்பேன், காரணம் ஒன்றுதான். பிஐடி வந்ததும், ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலையை மாநகராட்சி மெல்லக் குறைத்துக்கொள்ளும் ஆபத்து எப்போதும் உண்டு. வாரத்துக்கு எத்தனை முறை பெருக்கினார்கள், தொட்டியை எப்போது காலி செய்தார்கள் என்பதை முதல் நாளே எழுதி வாங்கிவைக்க இவருக்குத் தெரியும். மற்றவர்களுக்கு ஒரு வருடம் கழித்துத்தான் உறைக்கும். கூடுதல் வசூல் கைக்கு வந்துசேர மாதங்கள் ஆகும், அதுவரை கடனில் ஓட்ட வேண்டியிருக்கும் என்பதும் இவருக்குப் புதிதல்ல.

ஆனால் ஒரு சிக்கல். நியூயார்க் நகர ஊழியர் வேலையை விட்ட பிறகு ஒரு வருடத்துக்கு, தான் இருந்த துறையின் முன் இன்னொருவர் சார்பாகப் போய் நிற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. எந்தத் தொடர்புக்காக இவரை எடுத்தீர்களோ அது முதல் வருடம் பூட்டிக் கிடக்கலாம். நேர்காணலிலேயே இதைக் கேட்டுவிட வேண்டும். நகர மன்ற உறுப்பினரிடம் இருந்தவர் என்றால் வேறு தலைவலி: அடுத்த தேர்தலில் அவர் தோற்றால் புதியவருக்கு இவர் பழைய கோஷ்டி.

நான்காவது வழி ஆளே அல்ல, ஏற்பாடு. ஏற்கெனவே ஓடும் ஓர் அமைப்பிடம் நிர்வாகத்தை ஒப்படைப்பது. டவுன்டவுன் புரூக்ளின் பார்ட்னர்ஷிப் இப்படி அடுத்தடுத்த மூன்று பிஐடிகளை நிர்வகிக்கிறது. கணக்காளர், அலுவலகம், காப்பீடு எல்லாம் பங்குபோட்டுக்கொள்ளலாம்; மலிவு. ஒட்டி ஒட்டி இருக்கும் தெருக்களுக்குச் சரிவரும். தள்ளியிருக்கும் ஒற்றைத் தெருவுக்கு வாரத்தில் ஒன்றரை நாள் முகம்தான் மிஞ்சும். மன்ஹாட்டனில் டேனியல் பீடர்மன் ஒரே நேரத்தில் மூன்று பெரிய அமைப்புகளை நடத்தினார், பிரையன்ட் பூங்காவை மீட்டெடுத்த அதே மனிதர். ஒருவர் கையில் இத்தனையா என்று சர்ச்சை எழுந்து, நியூயார்க் மேயர் ஜூலியானியின் அழுத்தத்தில் 1998-ல் அவற்றில் ஒன்றான கிராண்ட் சென்ட்ரல் பார்ட்னர்ஷிப்பை விட்டு விலக நேர்ந்தது. திறமை குறைந்து போனதால் வந்த வினையல்ல அது.

என் ஓட்டு இரண்டாமவருக்கு, ஆனால் தனியாக அல்ல. கணக்கையும் சம்பளப் பட்டியலையும் வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுத்துவிடலாம். முதலாமவரைப் போன்ற ஒருவரை மூன்று மாதம் ஆலோசகராக வைத்து, துப்புரவு ஒப்பந்தத்தையும் மாநகராட்சி ஒப்பந்தத்தையும் எழுத வைக்கலாம். இரண்டையும் சேர்த்தாலும் பெரிய சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் வரும். டெண்டர் எழுதக் கற்றுக்கொடுக்க முடியும்; சலூன்காரரின் நம்பிக்கையைப் பாடம் நடத்திக் கொடுக்க முடியாது. கலிபோர்னியாவில் 1994 சட்டத்தின் கீழ் அமையும் பிஐடிக்கு முதல் காலவரம்பு அதிகபட்சம் ஐந்து வருடம். அது முடிந்ததும் திரும்ப அதே படிகளில் ஏறி மனு நீட்ட வேண்டும். அங்கே இந்த வாதம் இன்னும் கனக்கிறது.

விதிவிலக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போராட்டம் கசப்பில் முடிந்து, உரிமையாளர்களில் பெரிய ஒரு பகுதி இன்னும் முறுக்கிக்கொண்டு நின்றால், போராட்டத்தை நடத்தியவரை நாற்காலியில் உட்கார வைப்பது புண்ணைக் கிளறுவது மாதிரி. அப்போது மூன்றாமவர்தான், அதுவும் தெருவோடு சம்பந்தமில்லாத துறையிலிருந்து வந்தவராக இருந்தால் உத்தமம்.

யாரானாலும், மாநாட்டு அறையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பதோடு விடாதீர்கள். கடைசிச் சுற்றில் மிஞ்சும் இரண்டு பேரையும் தனித்தனியாக ஒரு மணி நேரம் தெருவில் நடக்க விடுங்கள். குழுவிலிருந்து ஒருவர் மட்டும் கூடப் போகட்டும், வழியில் பிஐடியை எதிர்த்த ஒரு கடையும் இருக்கட்டும். உள்ளே போனதும் யார் முதலில் பேசுகிறார், வேட்பாளரா கடைக்காரரா என்று மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் போதும்.