ரூட்டுக்கே அனுமதி இல்லையா? டிஸ்க்கை மாற்ற அவசரப்படாதீர்கள்

வேலையை விட்டுப் போனவரின் வரைபடங்களைப் புதிதாக வந்த பெண்ணின் பெயருக்கு மாற்ற வேண்டும். எங்களுக்கு இருந்த சிக்கல் அவ்வளவுதான். பாலக்காட்டுக்குப் பக்கத்தில் கஞ்சிக்கோட்டில் பிளாஸ்டிக் மோல்டு வடிவமைக்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. எல்லா மேசைகளிலும் லினக்ஸ். எல்லோருடைய ஹோம் கோப்புறையும் ஒரே சர்வரிலிருந்து என்.எஃப்.எஸ். என்ற கோப்புப் பகிர்வு முறை வழியாக வருகிறது. என் கணினியில் ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகியாக நுழைந்து கோப்புகளின் உரிமையாளரை மாற்றப் பார்த்தால், அனுமதி இல்லை என்று பிழைச் செய்தி வருகிறது.

முதலாளி பதறிப்போய்க் கோவையிலிருந்து ஒரு சர்வீஸ்காரரை வரவழைத்தார். அவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "சேட்டா, சர்வரில் டிஸ்க் போய்விட்டது. ரூட்டையே தடுக்கிறது என்றால் வேறென்ன?" என்றார். டிஸ்க்குக்கும் கூலிக்குமாக 18,000 ரூபாய் கைமாறியது. புதிய டிஸ்க்கிலும் அதே பிழை. வராமல் எங்கே போகும்?

அடுத்து அவர் செய்ததுதான் அக்கிரமம். எந்தக் கோப்புறையை யாருக்குப் பகிர்வது என்று சொல்லும் சர்வரின் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில், ரூட் ஸ்குவாஷ் என்ற பாதுகாப்பு அமைப்பை நீக்கி, எந்தக் கணினி வேண்டுமானாலும் இணையலாம் என்று ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டார். அதோடு விட்டாரா? சர்வர் முழுவதற்கும் 777 உரிமை, அதாவது எல்லாக் கோப்பையும் யாரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்ற உரிமை கொடுத்து, ரூட் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டார். "பாதுகாப்புக்காக என்னிடமே இருக்கட்டும்" என்றாராம்.

மறுநாள் சர்வரில், சாதாரணப் பயனருக்கு ரூட் அதிகாரம் தரும் சூடோ கட்டளை எழவில்லை. 777 போட்டபோது சூடோ கோப்பிலிருந்த செட்யுஐடி பிட், அதாவது உரிமையாளரின் அதிகாரத்தோடு இயங்க விடும் குறி அழிந்துவிட்டது; அது இல்லாமல் சூடோவால் ரூட் ஆக முடியாது. சாவிக் கோப்புகள் எல்லோருக்கும் திறந்து கிடந்ததால் தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். சேவையும் கிளம்ப மறுத்தது. அந்த சர்வீஸ்காரரைத் தொலைபேசியில் கேட்டால், ஆண்டு ஒப்பந்தம் போட்டால்தான் வருவாராம்.

பாலக்காட்டில் ஒரு கல்லூரி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் வந்துதான் மீட்டார். சர்வரின் முன் உட்கார்ந்து, கணினி துவங்கும்போது வரும் கிரப் திரையில் துவக்க வரியைத் திருத்தி, நேராக ஷெல் என்ற கட்டளைத் திரைக்குள் போய்க் கடவுச்சொல்லை மாற்றினார். வரைபடங்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினார்.

பிறகு என் கணினியில் ரூட்டாக இருந்தபடி, எல்லோரும் எழுதக்கூடிய ஒரு பகிர்வுக் கோப்புறையில் வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கிப் பட்டியலிட்டுக் காட்டினார். உரிமையாளர் என்ற இடத்தில் ரூட் இல்லை, 'நோபடி' என்று இருந்தது. லினக்ஸ் என்.எஃப்.எஸ். சர்வர் இயல்பாகவே இப்படித்தான் நடந்துகொள்ளும்: வெளிக் கணினியிலிருந்து பூஜ்யம் என்ற பயனர் எண்ணோடு வரும் ரூட்டை, அதிகாரமில்லாத நோபடியின் 65534 என்ற எண்ணுக்கு இறக்கிவிடும். இதற்குப் பெயர்தான் ரூட் ஸ்குவாஷ். யாரோ ஒருவர் தன் மடிக்கணினியில் ரூட் என்பதற்காக உங்கள் சர்வரிலும் ரூட்டாகிவிடக் கூடாதல்லவா? டிஸ்க்குக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சர்வரிலேயே ரூட்டாக நுழைந்து உரிமையாளரை மாற்றும் சௌன் கட்டளை ஒன்றே ஒன்று போட்டார். வரைபடங்கள் அந்தப் பெண்ணின் பெயருக்கு வந்துவிட்டன.

இந்தப் பக்கத்து அலுவலகங்களுக்கு அதே சர்வீஸ்காரர் போய்வருவதாகக் கேள்வி. 777 என்று யாராவது தட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். கடவுச்சொல்லை அவர் கையில் விட்டுவைக்காதீர்கள். டிஸ்க் கெட்டது என்றால், டிஸ்க் தன் நலத்தைத் தானே சோதிக்கும் ஸ்மார்ட் சோதனையின் முடிவைக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் பழைய டிஸ்க்கை அந்தச் சோதனைக்கு உட்படுத்தினோம். ஒரு பழுதும் இல்லை. அந்த முடிவை அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.